கடல்நீர் புகுந்த பூந்தோட்டம்: பிடுங்கிவிட்டு நடுவதா, பொறுத்திருப்பதா?

கேள்வி:
மண்டபத்தில் வடகடலை ஒட்டி எங்கள் வீடு உள்ளது. கார்த்திகைத் தொடக்கத்தில் வாடைக்காற்று கடுமையாக வீசிய ஓர் இரவில் அலை கரையேறி, வேலியைத் தாண்டி வந்த கடல்நீர் தோட்டத்தில் கணுக்கால் அளவுக்கு விடியும்வரை நின்றது. வடிந்து இரண்டு வாரம் ஆகிறது. கனகாம்பரம் வெந்த கீரையைப் போல் சரிந்துவிட்டது. ஏழு குண்டுமல்லிச் செடிகளிலும் இலைகள் ஓரத்திலிருந்து கருகி உதிர்ந்து, குச்சிகள் மட்டும் நிற்கின்றன. அரளி ஒன்றுதான் எதுவுமே நடக்காதது போலப் பூத்துக்கொண்டிருக்கிறது. ஈரம் காய்ந்த இடங்களில் மண்மீது வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. பொங்கலுக்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். கணவரோ ஜிப்சம் மூட்டையை வாங்கி வந்து திண்ணையில் வைத்திருக்கிறார். எதை முதலில் செய்வது?

பதில் 1 (தங்கச்சிமடம்):
அம்மா, இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம். மதுரை மல்லி என்று ஊரெல்லாம் பேர் வாங்கும் பூவின் நாற்றுகள் பெரும்பாலும் எங்கள் பக்கத்து மணலில் வேர்விட்டவைதாம். அந்தத் தொழிலில் இருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மல்லிக் குச்சியின் அடிப்பகுதியில் நகத்தால் பட்டையை இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, வறண்டு இருந்தால் மட்டும் பிடுங்குங்கள்.

அடுத்தது உப்பைக் கழுவுவது. மேலே தெரியும் வெள்ளைப் படிவை முதலில் சுரண்டி அப்புறப்படுத்திவிடுங்கள். ஓரடி ஆழ மண்ணில் உள்ள உப்பில் ஏறத்தாழப் பாதியைக் கீழே இறக்குவதற்கு அரையடி உயர நல்ல தண்ணீர் வேண்டும். ஒரு சென்ட் நிலத்துக்கு இது ஆறாயிரம் லிட்டருக்கு மேல். ஒரே நாளில் கொட்டாமல், பாத்தி கட்டி, இடைவெளி விட்டு நான்கைந்து தடவையாகப் பாய்ச்சுங்கள். மழை கிடைத்தால் செலவே இல்லை. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அப்படி ஒரு மழை உங்களுக்கு வேண்டாம். அதில் பாதி போதும். கிணற்று நீரை இறைப்பதாக இருந்தால் முதலில் வாயில் வைத்துப் பாருங்கள். கரையோரக் கிணறுகளில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது என்பதால், மோட்டாரை மணிக்கணக்கில் ஓடவிட்டால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும்.

பதில் 2 (தேவிபட்டினம்):
ஜிப்சம் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்ட சோடியத்தை, ஜிப்சத்தில் உள்ள கால்சியம் இடம்பெயர்த்துத் தள்ளுகிறது. அதன்பின் பாய்ச்சும் நீர்தான் அதை வெளியேற்றுகிறது. வெறும் கடல்மணலில் ஒட்டிக்கொள்ளக் களியே இல்லையாதலால் ஜிப்சம் அங்கே வீண் செலவு. ஆனால் நம் பக்கத்தில் பூப்பாத்திக்குக் கண்மாய் வண்டல் அடிக்காத வீடு எது? உங்கள் பாத்தியில் தண்ணீர் உறிஞ்சாமல் தேங்கி, காய்ந்ததும் ஓடு போல வெடிக்கிறதென்றால், ஜிப்சத்தைத் தூவிக் கொத்திவிட்டு, அதன் பிறகு தண்ணீர் பாய்ச்சுங்கள். இராமநாதபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஒரு கிலோ மண்ணோடு போய்க் கேட்பதும் நல்லது.

பதில் 3 (கீழக்கரை, தற்போது உதகை):
உப்புக்குப் பதில் உறைபனியால் கருகிய செடிகளை ஆண்டுதோறும் இங்கே பார்க்கிறேன். அரசு தாவரவியல் பூங்காவிலேயே மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடித்தான் காப்பாற்றுகிறார்கள். மூடத் தவறிய ஆண்டில், கருகிய ரோஜாவை அவசரப்பட்டு ஒட்ட வெட்டினேன். வந்த இளந்துளிர் அடுத்த பனியில் மறுபடி கருகி, செடியே போய்விட்டது. வழக்கமாகக் கார்த்திகையில் மல்லியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்து செய்வீர்கள். இவ்வாண்டு துளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை கத்தரியைத் தொடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. கீறிப் பார்த்ததில் ஏழில் ஐந்து பச்சை. பாத்தியில் இருப்பது வண்டல்தான், ஆகவே மூட்டை வீணாகவில்லை. கழுவிய பிறகு மண் தேறிவிட்டதா என்று எப்படி அறிவது? கடல் பக்கம் என்ன நடலாம்?

பதில் 1 (தங்கச்சிமடம்):
பாத்தி மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பிப் பாசிப்பயறு ஊன்றுங்கள். உப்பு மிகுந்தால் முளை தாமதமாகும், அல்லது முதல் இலையே ஓரம் கருகும். பயறு நன்றாக வளரும்வரை புது மல்லி நாற்றுகள் பையிலேயே இருக்கட்டும். ஆனி பிறந்த பிறகு ஓரடிக் குழியில், நாலடி இடைவெளியில் வைத்தாலும் தாமதமில்லை. கடல் பக்க வேலியோரம் பூவரசு, அதற்கு உள்ளே அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி என்று வையுங்கள். ரோஜாவைத் தரையில் வைக்காமல் தொட்டியிலேயே வளர்த்து, வாடை தொடங்கியதும் திண்ணைக்குத் தூக்கிவிடுங்கள்.