மலை முதலில், கடல் பிறகு: சென்னையிலிருந்து மோட்டார்ஹோமில் கிளம்பும் தம்பதியருக்கு – அனுபவப் பகிர்வு

மடிப்பாக்கம்

மாசி பாதியிலிருந்து பங்குனி முடிவதற்குள் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள மோட்டார்ஹோம் வண்டியில் நீலகிரியும் கடற்கரையும் ஒரே சுற்றில் பார்க்க நினைக்கும் இருவருக்கானது இந்த இழை. எழுதுபவர்கள் அவரவர் இருக்கும் சென்னைப் பகுதியின் பெயரில் எழுதுகிறோம். முதலில் தீர்மானிக்க வேண்டியது வரிசை. மலையை முதலில் முடித்துவிட்டு, அதன் பிறகு கடலுக்கு இறங்குங்கள். உப்புக்காற்றில் நாலு நாள் நின்ற வண்டியின் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) நகர உதவும் பின்கள் இறுக ஆரம்பிக்கலாம். அதே வண்டியைக் கொண்டுபோய் மலை இறக்கினால், பிரேக் முழுதாகத் தேவைப்படும் நேரத்தில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் உரசக்கூடும். கடலைக் கடைசியில் வைத்தால் உப்போடு வீடு திரும்பி ஒரே கழுவலில் முடித்துவிடலாம்.

வழி: சென்னை, சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம். குன்னூர் வழியாக உதகை ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கி, பழநி, மதுரை, ராமேஸ்வரம். அங்கிருந்து தொண்டி, நாகப்பட்டினம், சிதம்பரம், புதுச்சேரி என்று கிழக்குக் கரையோடு திரும்புதல்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று ஏப்ரல் முதல் ஜூன் வரை உச்சவரம்பும் வைத்தார்கள். மார்ச்சில் போவது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பதிவெண்ணை ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே போடுங்கள், கல்லாறு சோதனைச் சாவடியில் அதைத்தான் பார்ப்பார்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டிலும் 20 லிட்டர் கேனும் போதும்.

அம்பத்தூர்

வரிசை சரி சார். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உதகை சுமார் 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 325. மூன்றரை டன் வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கினால் சுமார் 65 மெகாஜூல் ஆற்றல் எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். வீட்டுக் கணக்கில் 18 யூனிட் மின்சாரம். அதை இன்ஜின் தாங்கலாம், அல்லது பிரேக் தாங்கலாம். பிரேக்கிடம் முழுவதும் கொடுத்தால் அது தாங்காது.

என்ன நடக்கும் என்றால், லைனிங் (பிரேக்கின் உரசும் பட்டை) சூடேறி வழுக்கும், அப்போது பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இன்னொன்று, பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி உண்டாகும், அப்போது பெடல் தரைவரை போய்விடும். டாட் 3 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 140. டாட் 4க்கு 230, 155. சென்னைக் காற்றின் ஈரத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயில் மாற்றாத வண்டியை இந்த இரண்டாவது எண்ணில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். கிளம்பும் முன் ஆயிலை முழுதாக மாற்றி நாலு சக்கரத்திலும் ஏர் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டிக்கு எந்த டாட் என்று ஆயில் டப்பா மூடியிலேயே போட்டிருக்கும்.

இறங்கும்போது: ஏறிய அதே கியரில் இறங்கவும். கியரை வளைவுக்கு முன்பே குறைக்கவும், வளைவுக்குள் கிளட்சை மிதிக்கக் கூடாது. பெடலில் காலை வைத்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுசாக விட்டுவிடுங்கள். மறுபடி வேகம் ஏறினால் மறுபடி அழுத்துங்கள். கருகும் வாசனை வந்தால் ஒதுங்கி நிறுத்துங்கள், சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள், கை பிரேக் போடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சூட்டில் தண்ணீர் பட்டால் டிஸ்க் வளையும். அரை மணி நேரம் தானாக ஆறட்டும்.

கொண்டை ஊசி வளைவில் நீள வண்டிக்குக் கஷ்டம் இடது பக்க வளைவில்தான். பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், பின் ஓவர்ஹாங் (பின் சக்கரத்தைத் தாண்டி நீளும் பகுதி) வெளிப்பக்கம் வீசும். 4020 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) வண்டி என்றால் எதிர்ப்பாதையையும் எடுக்காமல் திரும்பாது, எனவே ஹாரன் கொடுத்து, எதிரே வருவதை விட்டு, பிறகு நுழையுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி வழியை மறந்துவிடுங்கள். 36 வளைவு, செங்குத்து, வெளி வண்டிகளை இறங்க விடுவதும் இல்லை.

டயர்: சென்னையில் காலையில் குளிர்ந்த நிலையில் கதவோரத் தாளில் உள்ள அளவுக்குக் காற்று நிரப்பினால் போதும். மேலே காற்றழுத்தம் குறைவதால் கேஜ் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும், குளிர் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குறைத்துவிடும். ஆகவே உதகையில் டயரைத் தொட வேண்டாம்.

பெரம்பூர்

அம்பத்தூர் அண்ணா சொன்னதோடு சமையலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதகையில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. 3 லிட்டர் குக்கர் இல்லாமல் போகாதீர்கள், விசிலும் ஒன்றிரண்டு கூட வைக்க வேண்டியிருக்கும். பாக்கெட் சிப்ஸ், ஷாம்பு பாட்டில் எல்லாம் உப்பும், ஏறும் முன் ஷாம்பு மூடியை ஒருமுறை திறந்து மூடுங்கள்.

5 கிலோ சிலிண்டர் இரண்டு பேருக்கு இரண்டு வாரம் தாராளம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்கிறதா, கட்டிலுக்கடியில் அடைபட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வாடகை வண்டிகளில் அந்த ஓட்டையில் துணி அடைத்திருப்பதுண்டு. சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டரிலும் குழாய் முனையிலும் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். ஓடும்போது சிலிண்டர் மூடியிருக்க வேண்டும்.

குளிருகிறது என்று அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள், கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே மயக்கிவிடும். மார்ச் ராத்திரிக்கு இரண்டு கம்பளியும் காதை மூடும் குல்லாவும் போதும். கட்டிலருகே கார்பன் மோனாக்சைடு அலாரம், தரையருகே கேஸ் அலாரம். இரண்டும் வேறு வேறு கருவிகள்.

பெசன்ட் நகர்

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 12.8 வோல்ட் 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் 2.5 யூனிட் இருக்கும். சின்ன கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், விளக்கு, போன் எல்லாம் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். இண்டக்‌ஷன் அடுப்பு 40 நிமிடத்துக்கு இன்னொரு யூனிட். ஒரு டன் ஏ.சி. போட்டால் இரண்டரை மணி நேரத்தில் காலி, அதனால் ராமேஸ்வரத்தில் ஏ.சி. வேண்டுமென்றால் ப்ளக் கொடுக்கும் விடுதி வளாகம்தான். 400 வாட் சோலார் சமவெளியில் மார்ச்சில் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் தரும், சில்வர் ஓக் மர நிழலில் நிறுத்தினால் கால்வாசிகூட வராது. ஓடும்போது இன்ஜினிலிருந்து பேட்டரியை ஏற்றும் 30 ஆம்பியர் டி.சி. சார்ஜர் இருந்தால் மூன்று மணி நேர ஓட்டத்தில் ஒரு யூனிட் ஏறிவிடும்.

வெளி ப்ளக்குக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர், 16 ஆம்பியர் ப்ளக் டாப், வண்டிக்குள் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). ஒயர் சுருளை முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுற்றியபடியே ஏ.சி. ஓட்டினால் உருகும்.

கொட்டிவாக்கம்

தண்ணீர் கணக்கு இரண்டு பேருக்கு நாளைக்கு 30 லிட்டர். 120 லிட்டர் தொட்டி நாலு நாள் வரும், ஆனால் 120 கிலோ. மலை ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு மட்டும் வைத்துக்கொண்டு மேலே நிரப்புங்கள். பாதி நிறைந்த தொட்டி உள்ளே அலைபாயும், தடுப்புத் தகடு இல்லாத தொட்டியில் அது வளைவில் நன்றாகவே தெரியும். ராமநாதபுரம் தாண்டினால் போர் தண்ணீர் பல இடத்தில் உவர்ப்பு, மதுரையிலேயே நிரப்பிவிடுங்கள். பம்ப் நின்று நின்று ஓடினால் முதலில் பார்க்க வேண்டியது அதன் வாயிலிருக்கும் வலை வடிகட்டி.

கேசட் டாய்லெட்டின் (கழற்றி எடுத்துக் கொட்டும்) கழிவுத் தொட்டி 18 லிட்டர், இரண்டு பேருக்கு இரண்டரை நாள். அதைப் பங்க் கழிப்பறையில் கேட்டுவிட்டுக் கொட்டலாம், ஓடையிலோ மழைநீர் வடிகாலிலோ ஒருக்காலும் கூடாது. பார்மலின் கலந்த நீல மருந்து செப்டிக் டேங்கின் நுண்ணுயிரைக் கொன்றுவிடும், என்சைம் வகை வாங்குங்கள்.

தாம்பரம்

மடிப்பாக்கம் சார் சொல்லும் வரிசையில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. கார் மட்டுமே ஓட்டிப் பழகியவர் நேராகக் குன்னூர் ரோட்டில் ஏறுவது நியாயமில்லை. வண்டியின் அகலம் கைக்கு வர கிழக்குக் கடற்கரைச் சாலைதான் நல்லது. கடலை முதலில் வைத்தால் ஆயிரம் கிலோமீட்டர் பழக்கத்தோடு மலைக்குப் போகலாம்.

மடிப்பாக்கம்

உங்கள் கவலை சரிதான் சார். அதற்கு மாமல்லபுரம் வரை ஒரு பகல் போய், ஒரு ராத்திரி உள்ளேயே படுத்து, திரும்பி வாருங்கள். எந்த அலமாரிக் கதவு திறக்கிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது எல்லாம் அதில் தெரிந்துவிடும். ரிவர்ஸ் எடுக்கும்போது துணைவர் இறங்கி, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும், கண்ணாடியில் ஆள் மறைந்தால் வண்டி நின்றுவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் மாறி மாறி ஓட்டிப் பழகினால் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் வண்டி இறங்கும்.

காடு பற்றியும் ஒரு வார்த்தை. மார்ச் தீக்காலம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டதை மறக்கக் கூடாது. காட்டோரம் அடுப்பு மூட்டாதீர்கள், ராத்திரி தங்காதீர்கள். பந்திப்பூர் பக்கம் போவதானால் இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடல்.

திருவான்மியூர்

கடல் பகுதிக்கு என் பங்கு. தனுஷ்கோடி சாலை அரிச்சல்முனை வரை தார், மாலைக்குப் பின் அங்கே இருக்க விடமாட்டார்கள். தார் விளிம்பைத் தாண்டி ஒரு சக்கரம்கூட மணலில் இறங்கக் கூடாது. மூன்றரை டன் வண்டி மணலில் புதைந்தால் ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க இன்னும் இறங்கும். பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று உயரமான வண்டியைத் தள்ளும், ஆனிங் (பக்கவாட்டில் விரியும் நிழல் துணி) கட்டு இறுக்கமா என்று ஏறும் முன்பே பாருங்கள்.

நிறுத்தும்போது வண்டியின் முகம் கடலைப் பார்க்க இருக்கட்டும். பக்கவாட்டில் நிறுத்தினால் ஃபிரிட்ஜ் வென்ட் வழியாக உப்பு நேராக உள்ளே போகும். பேட்டரி முனைகளில் வாசலின், கதவுக் கீலில் சிலிகான் ஸ்பிரே, சோலார் இணைப்பான்கள் இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று ஒரு பார்வை.

சென்னை வந்ததும் லாரி வாட்டர் வாஷில் விட்டு, அடிப்பகுதிக்கு மட்டும் 15 நிமிடம் நல்ல தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கம், வீல் ஆர்ச், ஸ்பேர் டயர் தொட்டில் மூன்றையும் விடக் கூடாது. சோப்பு கடைசியில். வாட்டர் ஹீட்டரின் பர்னர், சோலார் இணைப்பான், கதவு ரப்பர் இவற்றில் பீய்ச்சி அடிக்க விடாதீர்கள். கழுவியதும் அப்படியே நிறுத்தாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவையுங்கள். அந்த வாரத்திலேயே சக்கரம் கழற்றி காலிப்பர் பின்களைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் வைத்து மாட்டச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் உறை ஊதிவிடும்.