ஈறு வீக்கமாக வந்த காசநோய்: ஒரு குழந்தைப் பல் மருத்துவரின் அனுபவம்

பள்ளி வயதுச் சிறுமி ஒருத்தியை, கீழ்த்தாடையில் கடைவாய்ப் பற்களை ஒட்டிய ஈறு வீங்கியிருக்கிறது என்று அவளுடைய தாயார் அழைத்து வந்தார். பல்லில் சீழ் பிடித்திருப்பதாகக் கருதி வேறொரு மருத்துவர் கொடுத்த ஆன்டிபயாடிக் முழுவதையும் கொடுத்து முடித்தும் வீக்கம் வடியவில்லை. ஈறு சிவந்து தடித்து, நடுவில் ஒழுங்கற்ற விளிம்புடன் ஒரு புண் இருந்தது. ஆனால் பக்கத்துப் பற்களில் சொத்தையே இல்லை. புண்ணைத் தொட்டபோதும் குழந்தை முகம் சுளிக்கவில்லை. அந்த வலியின்மைதான் என்னை உறுத்தியது. தாடைக்கு அடியில் தடவிப் பார்த்தேன். இரண்டு மூன்று நெறிகள் (வீங்கிய நிணநீர்க் கணுக்கள்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அழுத்தினாலும் வலிக்காமல் இருந்தன.

வாய்க் காசநோய் அரிதானது. உமிழ்நீரும் பழுதில்லாத வாய்ச்சவ்வும் கிருமியைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. சிறு காயமோ பல் பிடுங்கிய குழியோ அதற்கு வழிவிடலாம். பெரியவர்களுக்கு இது நுரையீரல் நோயின் தொடர்ச்சியாக நாக்கில் வருவதே அதிகம். குழந்தைகளுக்கோ நுரையீரலில் எதுவும் இல்லாமலேயே ஈற்றில் தொடங்கி, கழுத்து நெறிகளோடு சேர்ந்து தென்படக்கூடும். இந்தச் சிறுமிக்கும் மார்பு எக்ஸ்ரே தெளிவாகவே இருந்தது. எனவே புண்ணிலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்யலாம் என்றேன்.

"புண்ணிலிருந்து சதை எடுத்தால் பரவிவிடுமோ?" என்று தாயார் அஞ்சினார். பரவாது என்றும், ஆறாத புண்ணுக்கு இதைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து என்றும் பொறுமையாக விளக்கிய பிறகே சம்மதித்தார். பயாப்சியில் காசநோயைச் சுட்டும் அடையாளங்களான பாலாடைக்கட்டி போன்ற திசு அழிவும் லாங்ஹான்ஸ் பெருஞ்செல்களும் காணப்பட்டன. சாயமேற்றிப் பார்த்தபோது கிருமி தென்படவில்லை; குழந்தைகளின் திசுவில் கிருமிகள் குறைவாகவே இருப்பதால், அதை மட்டும் நம்பி நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. அதே திசுவில் கிருமியின் மரபணுவைத் தேடிச் செய்த பரிசோதனைதான் நோயை உறுதிப்படுத்தியது.

குழந்தைநல மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கினார்: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தம்பியூட்டால் ஆகிய நான்கும் முதல் 2 மாதங்கள், பின்னர் குறைந்த மருந்துகளுடன் 4 மாதங்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்பே சொல்லிவைத்ததால் தாயார் பயந்து மாத்திரையை நிறுத்தவில்லை. ஈற்றுப் புண் விரைவாக ஆறியது. நெறிகள் கரையத் தாமதமானது. சிகிச்சையின் தொடக்கத்தில் நெறிகள் சற்றுப் பெருப்பதும் உண்டு. மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருளில்லை.

குழந்தைக்குக் காசநோய் என்றால் அருகிலிருக்கும் பெரியவர் ஒருவரிடமிருந்து அது வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதால், வீட்டிலுள்ள அனைவரையும் பரிசோதிக்கச் சொன்னோம். வெகுநாளாக இருமிக்கொண்டிருந்த தாத்தாவின் சளியில் கிருமி இருந்தது. அவருக்கும் சிகிச்சை தொடங்கியது. நோய் இல்லை என்று உறுதியான கைக்குழந்தைத் தம்பிக்கு, காசநோய் வராமல் தடுக்கும் மருந்து கொடுக்கப்பட்டது.