இடப்பக்கம் திரும்பாத குதிரை: திமிரா, சேணமா?

தோல்வேலை:
நேற்று இன்னொரு இழையில் ரேஸ்லாயம் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "சவாரியில் ஒரு பக்கம் மட்டும் முரண்டு பிடிக்கிற குதிரைக்கு நோய் கிடையாது, திமிர்தான். தலையை அந்தப் பக்கத்து அங்கவடியோடு (சேணத்தில் கால் வைக்கிற வளையம்) இழுத்துக் கட்டி அரை மணி நேரம் நிறுத்துங்கள், வழிக்கு வரும்" என்கிறார். இதை நம்பி எத்தனை பேர் கட்டினார்களோ.

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி சந்தையில் ஒரு கத்தியவார் இனப் பெண்குதிரை வாங்கினேன், ஏழு வயது. வலப்பக்கம் வட்டம் போட்டால் சொன்ன பேச்சுக் கேட்கும். இடப்பக்கம் திருப்பினால் தலையைத் தூக்கும், வாயைத் திறக்கும், வலத்தோளைத் தள்ளிக்கொண்டு வெளியே சரியும். ஒருநாள் சாயங்காலம் அரை மணி நேரம் டிராட்டில், அதாவது மிதமான ஓட்டத்தில், ஓட்டிவிட்டுச் சேணத்தை இறக்கினேன். முதுகு முழுக்க வேர்வை. இடத்தோளுக்குப் பின்னால் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு, பொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்து கிடந்தது. அங்கே விரலால் அழுத்தினேன். தோல் வெடவெடவென்று நடுங்கியது, காது பின்னால் போனது. சேணத்தின் அடியில் முதுகில் படுகிற இடப்பக்கத் திண்டைப் பிரித்தால் உள்ளே கம்பளி எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டியாகத் திரண்டிருக்கிறது. எடுத்துவிட்டுப் புதுக் கம்பளி அடைத்தேன், பத்து நாள் ஓய்வு கொடுத்தேன். இப்போது இடப்பக்கம் திரும்புகிறது. காய்ந்த திட்டு இருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது. இதில் திமிர் எங்கே வந்தது?

ரேஸ்லாயம்:
தம்பி, இருபத்தெட்டு வருடமாகக் குதிரையோடு இருக்கிறேன். காய்ந்த திட்டு என்றால் அந்த இடத்தில் சேணம் தொடவே இல்லை என்று அர்த்தம். தொட்டால்தானே வேர்க்கும்? நமக்கும் சட்டை ஒட்டுகிற இடத்தில்தான் நனைகிறது. உங்கள் குதிரை பத்து நாள் சும்மா நின்றது, கோபம் தணிந்தது, திரும்பியது. கம்பளிக்கு எதற்கு மாலை போடுகிறீர்கள்?

தோல்வேலை:
முதலில் தம்பி என்பதை விடுங்கள், எனக்கு ஐம்பத்து மூன்று வயது. லேசாகத் தொட்டால் வேர்க்கும். விடாமல் அழுத்தினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு வேர்வைச் சுரப்பி வேலை செய்யாது. நாள்பட்டால் அங்கே வெள்ளை முடி முளைக்கும். ரேஸிலிருந்து கழித்துவிட்ட குதிரைகளின் முதுகுமேட்டுக்கு இரண்டு பக்கமும் அந்த வெள்ளைப் புள்ளிகளை எத்தனை பார்த்திருக்கிறேன்! அது யார் போட்ட சேணத்தால் வந்தது?

ரேஸ்லாயம்:
ஓகோ, இப்போது ரேஸ்காரர்கள்மேல் வந்துவிட்டீர்களா? மூன்று வருடத்துக்கு முன்னால் உங்களிடம் வாங்கிய சேணத்தில் அங்கவடிப் பட்டைத் தையல் இரண்டே மாதத்தில் பிரிந்ததை நான் இங்கே சொல்லவில்லையே. சொல்ல வைக்காதீர்கள். காய்ந்த இடம் தொடாத இடம்.

கால்நடைமாணவி:
இரண்டு பேரும் முரண்டு என்று எதைச் சொல்கிறீர்கள்? வளைய மறுப்பதா, கேன்டர் என்கிற மெதுவான பாய்ச்சலில் அந்தப் பக்கத்துக் காலை முன்னால் வைக்காததா, ஒரு பக்க லகானை மட்டும் கடித்து இழுப்பதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். காய்ந்த திட்டு இரண்டு வழியிலும் வரும், அழுத்தத்தாலும் வரும், இடைவெளியாலும் வரும். முடி கலைந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, அழுத்தினால் வலிக்கிறதா என்று சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

என்னைக் கேட்டால், முதலில் சேணமும் கடிவாளமும் இல்லாமல் நீளக் கயிற்றில் இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். அப்புறம் சேணம் மட்டும். அப்புறம் ஆள் ஏறி. எந்தக் கட்டத்தில் குறை தொடங்குகிறது என்று பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். வாயையும் பாருங்கள். குதிரைக்கு மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கூராகி ஒரு பக்கக் கன்னத்தைக் கிழித்திருக்கலாம். வாய் திறப்பான் மாட்டாமல் கடைசிப் பற்கள் தெரியாது.

தோல்வேலை:
நன்றிம்மா. அழுத்தத்தால் வரும் என்று நீயே சொல்லிவிட்டாய்.

ரேஸ்லாயம்:
இடைவெளியால் வரும் என்றும் அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

சுழிபார்ப்பவர்:
அந்தியூரில் வாங்கும்போது சுழி பார்த்தீர்களா? முன்னங்காலில் விலங்குச்சுழி என்கிற முடிச்சுழி இருந்தால் ஒரு பக்கம் வராது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து பார்ப்பது.

தோல்வேலை:
ஐயா, சுழி பிறந்த நாளிலிருந்து அங்கேயே இருக்கிறது. இடப்பக்கம் மறுத்தது நான் அந்தச் சேணம் போட்ட பிறகு. தயவுசெய்து இதைக் குழப்பாதீர்கள்.

சுழிபார்ப்பவர்:
நம்பிக்கை இல்லாதவர் சந்தையில் சுழிக்காரனை வைத்து விலை குறைக்காமல் வாங்கினாரா என்று அறிய ஆசை.

தென்னந்தோப்பு:
நான் இன்று காலை ரேஸ்லாயம் அண்ணா சொன்னபடி தலையை இடப்பக்கம் இழுத்துக் கட்டினேன். இருபது நிமிடத்தில் வாய் ஓரம் கிழிந்து ரத்தம். இப்போது கடிவாளத்தைக் கண்டாலே பின்வாங்குகிறது. என்ன செய்ய?

தோல்வேலை:
வாயிலிருக்கிற கடிவாள இரும்பை உடனே கழற்றுங்கள். புண் ஆறும்வரை கடிவாளம் வேண்டாம், உப்புத் தண்ணீரில் கழுவி மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரேஸ்லாயம், பார்த்தீர்களா? வலிக்கிற பக்கத்துக்கே கழுத்தை வளைத்துக் கட்டினால் அது எங்கே போய்ச் சொல்லும்? வாய் இருந்தும் பேச முடியாத ஜீவன். அதன் முதுகு பேசியது, காய்ந்த திட்டாக.

ரேஸ்லாயம்:
எந்தத் துளையில், எவ்வளவு இறுக்கிக் கட்டினார் என்று கேட்டீர்களா? பழைய தேய்ந்த இரும்பாக இருந்திருக்கும். கட்டத் தெரியாதவர் கட்டினதற்கு நான் பொறுப்பில்லை. திட்டு கதைக்கே திரும்புகிறீர்கள். தொடாத இடம் பேசாது.

கால்நடைமாணவி:
சண்டை போடுவதற்கு முன் ஒன்று. இங்கிலாந்தில் சூ டைசன் என்ற குதிரை மருத்துவர் சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளைத் தொகுத்திருக்கிறார். காதைப் பின்னால் மடிப்பது, வாயைத் திறப்பது, தலையைச் சாய்ப்பது எல்லாம் அதில் உண்டு. 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். அவர் ஆய்வுகளில் இன்னொன்றும் வந்தது: பின்னங்காலில் நொண்டல் இருக்கிற பல குதிரைகளில் சேணம் ஒரு பக்கமாகவே சரிந்துகொண்டு போகும், மரத்துப்போக ஊசி போட்டு வலியை நிறுத்தினால் பெரும்பாலும் சேணம் நேராக நிற்கும். தோல்வேலை சார், உங்கள் கம்பளி ஒரு பக்கம் திரண்டதே அதனால் இருக்கலாமே? பின்னங்காலைப் பார்த்தீர்களா?

ரேஸ்லாயம்:
அப்படிப் போடு! சேணம் காரணம் இல்லை, காலில்தான் கோளாறு. திட்டும் இல்லை, கட்டியும் இல்லை.

தோல்வேலை:
நேற்று நோயே கிடையாது, திமிர் என்றீர்கள். இன்று காலில் கோளாறு என்கிறீர்கள். அப்படியானால் வலி என்று ஒப்புக்கொண்டீர்கள்.

ரேஸ்லாயம்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. காய்ந்த இடம் தொடாத இடம் என்று மட்டும்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

தோல்வேலை:
முதலில் நீங்கள் சொன்னது திமிர். மேலே போய்ப் படியுங்கள். மாணவிக்குப் பதில்: பின்னங்கால் இரண்டையும் மருத்துவர் மடக்கிப் பிடித்து ஓட்டவிட்டுப் பார்த்தார், நொண்டவில்லை. நாம் எல்லோரும் இடப்பக்கம்தான் ஏறுகிறோம். ஒவ்வொரு முறையும் இடது அங்கவடியில் தொங்கும்போது சேணம் முறுக்கப்படுகிறது. இடப்பக்கத் திண்டு முதலில் கெடுவதில் ஆச்சரியம் என்ன? நான் இப்போது மேடை வைத்து ஏறுகிறேன், ஒருநாள் இடம், ஒருநாள் வலம்.

ரேஸ்லாயம்:
போன மாதம் நீங்கள் போட்ட வீடியோவில் உங்கள் வலத்தோள் ஒரு பக்கம் தொங்குகிறது. குதிரை கோணலாகப் போவதற்குச் சேணத்தைப் பிரிக்க வேண்டாம், கண்ணாடியைப் பார்த்தால் போதும்.

தோல்வேலை:
என் மகளும் ஏறினாள், அவளுக்கும் அதே இடப்பக்கம்தான் மறுத்தது. சரி, ஒன்று செய்வோம். ஞாயிற்றுக்கிழமை பழைய கம்பளியைப் பழையபடியே உள்ளே வைத்து, திண்டில் சுண்ணக்கட்டிப் பொடி தடவி, ஆள் ஏறாமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்து எடுக்கிறேன். அந்தத் திட்டில் பொடி ஒட்டியிருந்தால் சேணம் தொட்டது. படம் போடுகிறேன், பாருங்கள்.

ரேஸ்லாயம்:
பொடி ஒட்டினால் தொட்டது என்றுதான் தெரியும், அழுத்தியது என்று தெரியாது. அதையும் படம் போடுங்கள்.

தோல்வேலை:
இவ்வளவு நேரம் தொடவே இல்லை என்றுதானே சொன்னீர்கள்?