சோலார் போட ஆள் பிடிப்பது: எங்கள் அனுபவம்

திருவான்மியூர்:
எங்கள் வீட்டில் 3 கிலோவாட் ஓடுகிறது. விசாரித்தபோது ஒருவர் போனிலேயே விலை சொல்லிவிட்டார். மாடியைப் பார்க்க வேண்டாமா என்றால், "கூகுள் மேப்பில் பார்த்துட்டேன் சார்" என்றார். பக்கத்து அபார்ட்மென்ட் தண்ணீர் டேங்கின் நிழல் சாயங்காலம் எங்கள் மாடியில் எதுவரை விழும் என்பது மேப்பில் எங்கே தெரியப்போகிறது? ஒரே வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலே மற்றவற்றின் உற்பத்தியும் அடிவாங்கலாம்.

கடைசியில் வேலையைக் கொடுத்தவர், நிழல் பார்க்க வேண்டும் என்று தானாகவே நாலு மணிக்கு வந்தார். முதலில் கேட்டது கடல் எவ்வளவு தூரம் என்று. உப்புக்காற்றுக்கு பெயின்ட் அடித்த இரும்பு தாங்காது, ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த) ஸ்ட்ரக்சரும் எஸ்எஸ் (ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்) போல்ட்டும்தான் போடுவேன் என்றார். கூலிங் டைல்ஸில் துளை போட்டால் ஐப்பசி மழைக்கு ஒழுகும்; அதனால் கான்கிரீட் பீடம். அதன் எடையையும் கணக்குப் போட்டுக் காட்டினார். 2016 வர்தா புயல் அடித்த அடியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு ஏன் என்று புரியும். அவர் விலை கொஞ்சம் அதிகம்தான். கொடுத்தோம்.

மானியத்தில் நிறைய விளையாடுகிறார்கள். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அது நம் வங்கிக் கணக்குக்கு வரும் பணம். பேனல் மட்டுமில்லாமல் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும்; அதைத்தான் டிசிஆர் பேனல் என்கிறார்கள், அதைப் போட்டால்தான் மானியம் கிடைக்கும். கொட்டேஷனில் 'டிசிஆர்' என்ற எழுத்து இல்லையென்றால் எழுதி வாங்குங்கள்.

அம்பத்தூர்:
எங்களிடம் வந்த கம்பெனி (பெயர் வேண்டாம்) பேனல் மாட்டியதும் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டது. நெட் மீட்டர் (நாம் எடுக்கும் கரண்ட்டையும் வெளியே அனுப்பும் கரண்ட்டையும் தனித்தனியாக எண்ணும் மீட்டர்) விண்ணப்பம் என்னாச்சு என்றால், "இபில போட்டாச்சு சார்" என்று ஒரே பாட்டு. விண்ணப்ப எண் கேட்டால் பதில் இல்லை. அந்த மீட்டர் வரும்வரை சிஸ்டத்தை ஆன் செய்யவும் பயம். சில பழைய மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் நம் செலவாகவே எண்ணிவிடும். நானே அலுவலகத்துக்கு அலைந்து முடித்தேன். கடைசித் தவணையை நெட் மீட்டர் மாட்டிய பிறகு என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள். நல்ல ஆள் மறுக்க மாட்டார்.

மடிப்பாக்கம்:
நான் வருபவர்களிடம் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டேன்: "கரண்ட் போனா சோலார் ஓடுமா?" பேட்டரி இல்லாத ஆன்கிரிட் (இபி லைனோடு இணைத்த சோலார்) ஓடாது. லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்று இன்வெர்ட்டரே நின்றுவிடும். "அதெல்லாம் ஜம்முனு ஓடும்" என்று ஒருவர் அடித்துவிட்டார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.