மூன்று கிட்டார் கார்ட் படம் ஸ்னிஃபிங் க்ளூவில் வந்ததே இல்லை: இன்னும் எத்தனை முறை சொல்வது?

பழைய ஸ்டேப்ளர்:
கார்ட் என்றால் கிட்டாரில் ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டு. ஸ்னிஃபிங் க்ளூ என்ற பங்க் ராக் ரசிகர் இதழைப் பற்றிப் பக்கத்து இழையில் கேரேஜ் கதிர் எழுதியது இது: "அண்டர்கிரவுண்ட் இசை பற்றிய சிற்றிதழ்கள் எல்லாமே ஸ்னிஃபிங் க்ளூ பெற்ற பிள்ளைகள். இது ஒரு கார்ட், இது இன்னொன்று, இது மூன்றாவது, இனி ஒரு குழுவைத் தொடங்கு என்று அந்த இதழ் அச்சிட்ட படம்தான் எல்லாவற்றுக்கும் விதை." வரிசையாக எல்லோரும் விருப்பக்குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்த இதழ், எந்த மாதம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்தப் படம் வந்தது சைட்பர்ன்ஸ் என்ற ஃபேன்ஸீனில், அதாவது ரசிகர்களே தயாரிக்கும் சிற்றிதழில். ஜனவரி 1977, முதல் இதழ். நடத்தியவர் டோனி மூன். ஏ, இ, ஜி என்று மூன்று கார்ட்கள். கோணல்மாணலாகக் கையால் போட்ட கட்டங்கள், பக்கத்தில் கையெழுத்து. ஸ்னிஃபிங் க்ளூ மார்க் பெர்ரி 1976 ஜூலையில் லண்டனில் தொடங்கியது. அது வேறு இதழ், இவர் வேறு ஆள். புத்தகம், டி-ஷர்ட், கண்காட்சிச் சுவர் என்று எங்கே பார்த்தாலும் இந்தத் தப்பு. சிற்றிதழ்களை நேசிப்பதாகச் சொல்கிறவர்களே இதைத் திரும்பத் திரும்ப எழுதுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கேரேஜ் கதிர்:
ஸ்டேப்ளர் சார் வந்துவிட்டார், வணக்கம். நான் எழுதியது ஐந்து பத்தி. அதில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தனி இழையே திறந்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். சைட்பர்ன்ஸ் வந்தபோது ஸ்னிஃபிங் க்ளூ தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்ததா இல்லையா? ஸ்னிஃபிங் க்ளூவின் முதல் இதழ் வெறும் 50 பிரதி. குழந்தைகள் தட்டும் டைப்ரைட்டர், தலைப்புக்கு ஸ்கெட்ச் பேனா, காதலியின் அலுவலகத்தில் ஜெராக்ஸ். மார்க் பெர்ரி என்ற வங்கிக் குமாஸ்தாவால் இதைச் செய்ய முடிந்தது என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் கை துறுதுறுத்தது. நாங்கள் எழுதுவதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள், நீங்களே இதழ் தொடங்குங்கள் என்று வாசகர்களிடம் அவரே எழுதினார். அந்தப் படம் இதே பேச்சின் வரைபடம். எந்தத் தாளில் வந்தால் என்ன?

பழைய ஸ்டேப்ளர்:
எந்தத் தாளில் வந்தால் என்னவா? அந்தத் தாளை மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, கடை கடையாக ஏறி இறங்கியவனுக்கு அதுதானே எல்லாம்? சைட்பர்ன்ஸ். ஜனவரி 1977. டோனி மூன்.

இரைச்சல் பிரியன்:
இருவருக்கும் ஒரு கேள்வி. பரிசோதனை இசைக்கு மூன்று கார்ட் எதற்கு? ஒரு கார்டே வேண்டாம் என்றுதானே அந்த ஆட்கள் கிளம்பினார்கள்?

இரைச்சல் இசை, கேசட்டில் மட்டும் வந்த இசை இவற்றைப் பற்றி எழுதிய இதழ்களுக்கு உங்கள் லண்டன் பங்க் கதையில் இடமே இல்லை. ஓபி என்ற இதழைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1979இல் அமெரிக்காவின் ஒலிம்பியாவில் ஜான் ஃபாஸ்டர் தொடங்கியது. ஒவ்வொரு இதழும் ஆங்கில அகரவரிசையில் ஓர் எழுத்து, அந்த எழுத்தில் தொடங்கும் கலைஞர்களுக்கு முதலிடம். மொத்தம் 26 இதழ்கள். 1984இல் கடைசி எழுத்து வந்ததும், சொன்னபடியே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் பதிவு செய்த கேசட்களுக்கு அதில் தனிப் பத்தியே இருந்தது. ஓபி நின்றதும் அந்த இடத்தை நிரப்ப ஆப்ஷனும் சவுண்ட் சாய்ஸும் வந்தன. யாரோ ஒருவர் தன் படுக்கையறையில் ரேடியோ இரைச்சலைப் பதிவு செய்து அனுப்பினால், அதை உட்கார்ந்து கேட்டு, நான்கு வரி எழுதி, முகவரியும் போட்டார்கள். பெரிய பத்திரிகை எது இதைச் செய்தது?

கேரேஜ் கதிர்:
பிரியன், கேள்விப்படாமல் என்ன? ஆனால் ஆளையே மாற்றிப் பேசுகிறீர்கள். மார்க் பெர்ரி ஸ்னிஃபிங் க்ளூவை 1977இல் 12வது இதழோடு நிறுத்திவிட்டு என்ன செய்தார்? ஆல்டர்னேடிவ் டிவி என்ற இசைக்குழு. அந்தக் குழுவின் பாட்டு ஃப்ளெக்ஸி டிஸ்க்காக, அதாவது வளையும் மெல்லிய இசைத்தட்டாக, கடைசி இதழோடுதான் வந்தது. 1979இல் அவர்கள் போட்ட இரண்டாவது ஆல்பத்தைக் கேளுங்கள். பங்க் ரசிகர்களே காதைப் பொத்திக்கொண்டார்கள், அவ்வளவு தூரம் தாளமும் மெட்டும் கழன்று போயிருந்தது. உங்கள் பரிசோதனை இசையின் வாசலில் நிற்பவரும் ஸ்னிஃபிங் க்ளூ ஆசிரியர்தான். ஆகவே என் வரி நிற்கிறது.

பழைய ஸ்டேப்ளர்:
நிற்கவில்லை. அந்த ஆல்பத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அதற்கும் அந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம்? படம் சைட்பர்ன்ஸில் வந்தது.

"எல்லாமே பிள்ளைகள்" என்று ஒரு போடு போட்டீர்களே, அதையும் பார்த்துவிடலாம். பால் வில்லியம்ஸ் கல்லூரி மாணவராக இருந்துகொண்டு க்ராடாடி என்ற ராக் இதழை மிமியோகிராஃப் என்ற நகலெடுக்கும் கருவியில் ஓட்டியது 1966. கிரெக் ஷா பாம்ப் இதழைத் தொடங்கியது 1970. இந்த வடிவமே ராக் ரசிகர்கள் கண்டுபிடித்ததில்லை. அறிவியல் புனைகதை ரசிகர்கள் 1930இல் சிகாகோவிலிருந்து தி காமெட் என்ற இதழைக் கொண்டுவந்தார்கள். ஃபேன்ஸீன் என்ற பெயரே 1940இல் அந்த வட்டத்தில்தான் பிறந்தது. கிரெக் ஷா பங்க் வருவதற்கு முன்பே இசை பற்றித் தாளை ஓட்டிக்கொண்டிருந்தபோது மார்க் பெர்ரி பள்ளிக்கூடத்துப் பையன். தாத்தாவைப் பேரனுக்குப் பிள்ளை ஆக்காதீர்கள்.

லண்டனை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் வி. வேல் 1977இல் சர்ச் அண்ட் டெஸ்ட்ராய் என்ற இதழைத் தொடங்கியபோது ஆலன் கின்ஸ்பெர்க்கும் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியும் ஆளுக்கு 100 டாலர் கொடுத்தார்கள். அங்கே தொப்புள்கொடி போனது கவிஞர்களிடம். அந்த வேல்தான் பிறகு ரீசர்ச் என்ற இதழை நடத்தி, 1983இல் இண்டஸ்ட்ரியல் என்ற இயந்திர இரைச்சல் இசை பற்றிய கையேட்டைக் கொண்டுவந்தார். த்ராபிங் கிரிஸில் என்ற இசைக்குழுவின் ஆட்களோடு உட்கார்ந்து என்ன படிக்கிறீர்கள், எதைச் சேகரிக்கிறீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்ட புத்தகம் அது. இதில் எந்தப் பக்கத்தில் உங்கள் மூன்று கார்ட் இருக்கிறது?

கேரேஜ் கதிர்:
படம் சம்பந்தமில்லை என்கிறீர்கள். பிறகு ஏன் படத்தைப் பற்றியே ஒவ்வொரு பதிவிலும் எழுதுகிறீர்கள்?

பழைய ஸ்டேப்ளர்:
தப்பாகச் சொன்னதால். சைட்பர்ன்ஸ்.

தாளம்பூ:
உங்கள் பட்டியலில் ஒரு பெண் பெயர் வந்ததா என்று மேலிருந்து கீழே தேடினேன். டோபி வெய்ல் ஜிக்சா இதழை 1988இல் தொடங்கினார். பிகினி கில் என்ற பெயரில் இசைக்குழுவும் இருந்தது, இதழும் இருந்தது. மேடைக்கு முன்னால் பெண்கள் நிற்கவே இடம் கிடைக்காத காலத்தில், அந்தத் தாள்கள் கச்சேரி வாசலில் கையிலிருந்து கைக்குப் போயின. இன்றைக்கு நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகம் அவற்றைத் தனித் தொகுப்பாகப் பாதுகாக்கிறது. நீங்கள் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கிட்டார் படத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள்.

கேரேஜ் கதிர்:
தாளம்பூ, நீங்கள் சொல்வதும் என் கட்சிக்குத்தான் சாதகம். கிட்டார் வாசிக்கத் தெரிந்த பிறகு வா என்று சொல்லாமல், இப்போதே வா என்றது அந்தப் படம். அந்த மனநிலையை ஊருக்குச் சொன்னது ஸ்னிஃபிங் க்ளூ.

தாளம்பூ:
என்னை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள். ஜிக்சாவுக்கு லண்டன் பையன் அனுமதிச் சீட்டு கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை.

இரைச்சல் பிரியன்:
ஃபோர்ஸ்டு எக்ஸ்போஷரை யாரும் எடுக்கவில்லையே. 1982இல் ஹார்ட்கோர் என்ற வேகமான, முரட்டு இசைக்கான இதழாகத் தொடங்கி, போகப்போக இரைச்சல், ஃப்ரீ ஜாஸ், பெயர் வைக்க முடியாத சமாச்சாரங்கள் என்று விரிந்து, 1993இல் இதழ் நின்று, இசைத்தட்டு விநியோகமாக மாறியது. பிறகு பனானாஃபிஷ் என்ற இதழ். ஒரு பேட்டி எங்கே முடிகிறது, புளுகு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஆசிரியரின் பெயரே புனைபெயர். கூடவே ஓர் இசைத்தட்டு இருக்கும். படித்ததைக் காதாலும் கேட்கலாம். இதைப் பற்றிப் பேசினால் ஒருவரும் பதில் போடுவதில்லை. மூன்று கார்ட் என்றால் மட்டும் எல்லோருக்கும் ஆவேசம் வந்துவிடுகிறது.

கேரேஜ் கதிர்:
ஹார்ட்கோரிலிருந்து இரைச்சலுக்குப் போனது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஹார்ட்கோர் எங்கிருந்து வந்தது? பங்கிலிருந்து. நன்றி.

பழைய ஸ்டேப்ளர்:
இந்தக் கணக்குப்படி எல்லாவற்றையும் எங்கே வேண்டுமானாலும் கொண்டு சேர்க்கலாம் கதிர். ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பெருமையையும் அதன் தலையில் கொட்டுவதைப் பெரிய பத்திரிகைகள் செய்தபோதுதான் இந்த இதழ்களே பிறந்தன. மேக்சிமம் ராக்கன்ரோல் பெரிய கம்பெனி விளம்பரத்தை உள்ளே விடாமல் 1982இலிருந்து 2019 வரை அச்சில் வந்தது. எந்த ஊர்ச் சின்னக் குழுவும் அதில் தன் பெயரைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட உலகத்தில் இருந்துகொண்டு, ஒருவர் வரைந்ததைப் பிரபலமான இன்னொருவர் கணக்கில் எழுதுகிறீர்கள். சின்ன இதழின் பெயரைப் பெரிய இதழ் விழுங்குகிறது, அதற்கு நீங்கள் பரிமாறுகிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சைட்பர்ன்ஸ் பெரும்பாலும் ஸ்ட்ராங்க்ளர்ஸ் குழுவைப் பற்றிய இதழ். பிறகு அதுவே ஸ்ட்ராங்க்ள்டு என்று அவர்களின் அதிகாரப்பூர்வ இதழானது. கீபோர்டில் விரல் பறக்க வாசிக்கும் ஆட்கள். பங்க் சுத்தவாதிகளுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. அவர்களின் ரசிகர் இதழிலிருந்து இந்தப் படம் வந்தது என்றால் கதையின் அழகு கெடுகிறது. அதனால்தான் கதிர் மாதிரி ஆட்களுக்குச் சைட்பர்ன்ஸ் என்ற பெயர் வாயில் வர மறுக்கிறது.

கேரேஜ் கதிர்:
எனக்கு ஸ்ட்ராங்க்ளர்ஸ் பிடிக்காது, உண்மை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஆயிரக்கணக்கில் விற்ற இதழையும் ஒரு குழுவின் ரசிகர் இதழையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

பழைய ஸ்டேப்ளர்:
விற்பனையை வைத்து அளக்கிறீர்களா? சிற்றிதழ் பற்றிய விவாதத்திலா?

வெற்றுநாடா:
சின்ன இதழ்களின் மானம் பற்றி ஸ்டேப்ளர் இவ்வளவு உருகுவதால் கேட்கிறேன். என்னிடமிருந்து ஸ்கேன் செய்து தருகிறேன் என்று வாங்கிப்போன கேசட் விமர்சன இதழ்கள் எங்கே? திரும்பி வந்த ஒன்றிலும் பின்களைப் பிடுங்கி, நடுப்பக்கம் கிழிந்து, தாள்கள் வரிசை மாறி வந்தது. ஸ்கேனும் வெறும் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. அசலில், வெட்டி ஒட்டிய துண்டுகளின் ஓரத்தில் ஜெராக்ஸ் நிழல் மெல்லிசாக ஒரு கோடாக விழுந்திருக்கும். டைப்ரைட்டரில் மை அடைத்த 'e' எழுத்துகள், புகைப்படத்தில் புள்ளிப் புள்ளியாகச் சாம்பல். எந்தத் துண்டு எதன் மேல் ஒட்டப்பட்டது என்று அந்த நிழலை வைத்தே சொல்லிவிடலாம். உங்கள் ஸ்கேனில் எல்லாம் ஒரே கரி.

பழைய ஸ்டேப்ளர்:
இதை இங்கே கொண்டுவந்திருக்க வேண்டாம். பின் துருப்பிடித்திருந்தது. எடுக்காமல் விட்டிருந்தால் தாளையே தின்றிருக்கும். நடுப்பக்கம் வரும்போதே கிழிந்திருந்தது.

வெற்றுநாடா:
கிழிந்திருக்கவில்லை. கொடுக்கும் முன் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

தாளம்பூ:
ஸ்கேன் செய்து பொதுவில் போடும்போது அந்த இதழில் எழுதியவர்களைக் கேட்டீர்களா? பலர் சொந்தப் பெயரும் வீட்டு முகவரியும் போட்டு எழுதியவர்கள். தெரிந்த சிலர் கைக்குப் போகும் என்று நினைத்து எழுதியது உலகம் முழுக்கத் தேடலில் வருகிறது.

இரைச்சல் பிரியன்:
முகவரிகளை மறைத்துவிட்டுப் போடலாமே. போடாமலே விட்டால் இந்த இதழ்கள் அட்டைப்பெட்டியிலேயே மக்கிவிடும். வைட்டல் மாதிரி 1990களிலேயே தாளை விட்டு மின்னஞ்சலுக்கு மாறிய இதழ்கள் ரொம்பக் கொஞ்சம். மற்றதெல்லாம் தாளில் மட்டும்தான் இருக்கிறது.

தாளம்பூ:
மறைத்துவிட்டா போடுகிறார்கள்? ஸ்டேப்ளர் போட்ட கோப்பில் நான்கு முகவரிகள் அப்படியே தெரிகின்றன.

கேரேஜ் கதிர்:
ஆக, சைட்பர்ன்ஸுக்கு நியாயம் கேட்பவர் அடுத்தவர் இதழின் பின்னைப் பிடுங்குகிறார், முகவரியைத் தெருவில் போடுகிறார். நல்லது. என் நீண்ட கட்டுரை அடுத்த வாரம் வருகிறது. தலைப்பில் ஸ்னிஃபிங் க்ளூ இருக்கும், மூன்று கார்ட் படமும் மேலேயே இருக்கும்.

பழைய ஸ்டேப்ளர்:
படத்தின் கீழே சைட்பர்ன்ஸ், ஜனவரி 1977, டோனி மூன் என்று போடுங்கள். போடாவிட்டால் முதல் பின்னூட்டம் என்னுடையது. அதற்கு அடுத்ததும் என்னுடையதுதான். முகவரிகள் இருக்கும் பக்கங்களை இன்றிரவு எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பின் துருப்பிடித்துத்தான் இருந்தது.

வெற்றுநாடா:
படத்தை ஏற்றுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும். மீதி இதழ்களைத் தபாலில் அனுப்பும்போது இரண்டு பக்கமும் அட்டை வைத்து அனுப்புங்கள்.