ஓய்வு பெறுவோர் பெருகினால் பங்கு விலைகள் சரியுமா?

பரந்தன் கணக்கர்:
கிளிநொச்சியில் தனியார் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி செலுத்தும் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகின்றன. மிஞ்சுவதில் ஒரு சிறு தொகையை மாதந்தோறும் கொழும்புப் பங்குச் சந்தையில் இடுகிறேன். முதியோர் பெருகும்போது எல்லோரும் பங்குகளை விற்பார்கள், வாங்குவதற்கு இளையோர் இருக்கமாட்டார்கள் என்று கனடாவிலுள்ள அண்ணா எச்சரிக்கிறார். எனக்கு 55 வயதாக இன்னும் 24 ஆண்டுகள் இருக்கின்றன. அவர் சொல்வது சரியா?

மாங்குளத்தான்:
வாதம் புதிதல்ல, தம்பி. அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்த பெருந்தலைமுறை, விலையைப் பாராமல் மாதந்தோறும் ஓய்வுகாலக் கணக்குகள் வழியாகப் பங்கு வாங்கியது, இலாபத்தின் எத்தனை மடங்கு விலை கொடுக்கலாம் என்ற அளவையே உயர்த்தியது என்பார்கள். 2011இல் சான் பிரான்சிஸ்கோ மத்திய வங்கியின் ஆய்வாளர் இருவர், ஏறத்தாழ 15 ஆக இருந்த அந்த மடங்கு 2025இல் 8 அளவுக்கு இறங்கக்கூடும் எனக் கணித்தனர். 2025இல் அது 20ஐயும் தாண்டி நின்றது. பங்குகளில் பெரும்பகுதி செல்வந்தர் கையில் இருக்கிறது; அவர்கள் விற்றுச் சாப்பிடுவதில்லை, பிள்ளைகளுக்கு விட்டுச் செல்கிறார்கள். மூப்பால் சந்தை விழுந்ததற்கு எடுத்துக்காட்டாக யப்பானைக் காட்டுவோரும் உண்டு. ஆனால் அங்கே சந்தை 1989இன் முடிவில் உச்சம் தொட்டு விழத் தொடங்கியபோது உழைக்கும் வயதினர் தொகை இன்னும் கூடிக்கொண்டிருந்தது. மக்கள்தொகை குறைந்துகொண்டிருக்கும் 2024இலோ பழைய உச்சம் கடக்கப்பட்டது.

வயற்காரன்:
இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக அறுவடை முடிந்ததும், கடன்காரர் வாசலில் நிற்பதால், வீதியோரம் பரப்பிய நெல் காய்வதற்கு முன்னரே வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். விலை விழுவது நெல் மிகுவதால் மட்டுமல்ல, எல்லோரும் ஒரே வாரத்தில் விற்கவேண்டியிருப்பதாலும்தான். ஓய்வுபெறுவோர் இருபது, முப்பது ஆண்டுகளில் சிறுகச் சிறுக விற்பவர்கள். அவர்கள் வரப்போவதும் சந்தைக்கு முன்கூட்டியே தெரியும்.

ஓய்வூதியர்:
நமது நாட்டிலும் முதுமை விரைந்து வருகிறது: 65 வயதைக் கடந்தோர் 2012இல் 7.9 வீதம், 2024இல் 12.6 வீதம். எனினும் சேமலாப நிதியின் பெரும்பகுதி திறைசேரி முறிகளிலேயே (அரசு நீண்டகாலக் கடன் வாங்க விற்கும் பத்திரங்கள்) கிடப்பதால், மூப்பின் சுமை கொழும்புப் பங்குகளை விட அரச கடனையே முதலில் அழுத்தும். 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அந்த முறிகள் நீண்ட தவணைக்கு மாற்றப்பட்டதை மறக்கவேண்டாம். பங்கு விலைகளை அசைப்பது வட்டிதான். 2022இல் திறைசேரி உண்டியல் (அரசின் குறுகியகாலக் கடன் பத்திரம்) 30 வீத வட்டி தந்தபோது யார் பங்கைத் தொட்டார்கள்?

பரந்தன் கணக்கர்:
நன்றி ஐயா. அப்படியானால் சேமலாப நிதியால் நான் ஏற்கெனவே அரசுக்குக் கடன் கொடுத்தவன்தான். மாதாந்தத் தொகையைப் பங்கிலேயே தொடர்கிறேன்.