உளவுப் பகடிப் படங்களில் இன்னும் கண்ணை விட்டுப் போகாத ஒரே ஒரு ஷாட் எது?

கடைசிவரிசை:
புத்தகக்கடை சீன். 'டாப் சீக்ரெட்!', 1984. சீன் முழுக்கப் பின்னோக்கி நடிச்சு எடுத்து, திருப்பி ஓட்டினது என்பது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். விடாம உறுத்துறது ஒரே ஒரு இடம்: நாயகன் வால் கில்மர் புத்தகத்தை மேலே வீசுறார், அது உச்சித் தட்டில் போய் உட்காருது. சத்தமில்லை, ஆட்டமில்லை.

நிஜமா வீசின புத்தகம் தட்டில் மோதும், துள்ளும், பக்கங்கள் விரியும். இங்கே மேலே போகப் போக வேகம் குறைஞ்சு, தட்டைத் தொடும்போது ஏறக்குறைய பூஜ்யம். ஏன்னா எடுக்கும்போது அது அங்கிருந்து விழத் தொடங்கின புத்தகம். விழத் தொடங்கும் பொருளுக்கு வேகம் ஏது? காற்றில் பறக்கும் பகுதியில் திருட்டு தெரியவே தெரியாது. ஏற்றமும் இறக்கமும் ஒரே வளைவுதான். இரண்டு முனையில்தான் குட்டு வெளிப்படும். கை முனையில் பிடிப்பு வீச்சா மாறிடுது, அதையும் கண்ணு ஏத்துக்குது. தட்டு முனையில் மட்டும் மூளை ஒரு நொடி நின்னு போகுது.

ஒலிப்பிரியன்:
படத்தை மட்டும் பேசினா எப்படி? அந்தக் கடைக்காரர் (பீட்டர் குஷிங்) ஸ்வீடிஷ் பேசுறதா நம்ப வைக்கிறது பின்னோக்கி ஓடும் பேச்சுதான். மனிதப் பேச்சில் 'ப', 'ட', 'க' எல்லாம் பட்டென்று வெடிச்சு மெல்லத் தேயும். திருப்பிப் போட்டால் மெல்லப் பொங்கி வந்து பட்டென்று அறுந்து போகும். உயிரெழுத்து ஒலிகள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால் 'இது ஏதோ ஒரு மொழி' என்ற எண்ணமும் போகாது, எந்த மொழி என்றும் பிடிபடாது. அறையின் எதிரொலி வேறு ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னாலேயே வந்து நிற்கும். ஏதோ மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவது போல ஒரு மயக்கம்.

லென்ஸ்மூடி:
அதே படம், வேறு இடம். முன்னால் பெரிசாக ஒரு தொலைபேசி, தூரத்தில் அதிகாரி. மணி அடிக்கிறது. அவர் நடந்து வந்து எடுக்கிறார். ரிசீவர் நிஜமாகவே ஆள் தூக்கும் அளவு!

இதை 'பார்வைக்கோணத் தந்திரம்' என்று பலர் எழுதுகிறார்கள். தந்திரமே இல்லை என்பதுதான் ஜோக். கணக்கு இதுதான்: 20 செ.மீ. அகலத் தொலைபேசியை லென்ஸிலிருந்து அரை மீட்டரில் வைத்தால் திரையில் எவ்வளவு இடம் பிடிக்குமோ, 80 செ.மீ. அகலமுள்ளதை 2 மீட்டரில் வைத்தாலும் அவ்வளவுதான் பிடிக்கும். முன்னாலும் பின்னாலும் ஒருசேரத் துல்லியமாகத் தெரியும் ஷாட்டுகளை 1940கள் முதல் பார்த்துப் பழகிய கண், 'இது கிட்டே இருக்கிறது' என்று தானே முடிவு கட்டிக்கொள்கிறது.

எங்கே சொதப்பும்? மேசையின் கால் ஃப்ரேமுக்குள் வந்தால் போச்சு. தரையைத் தொடும் இடம் தெரிந்த உடனே தூரம் தெரிந்துவிடும். சுருள் ஒயரும் அதே விகிதத்தில் தடித்திருக்க வேண்டும். ஒயர் மட்டும் சாதாரணமாக இருந்தால் கண் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

குஷிங்கின் பூதக்கண்ணாடியும் இதே சூத்திரம்தான். கண்ணாடியை விலக்கிய பிறகும் கண் அதே பெரிய அளவில் இருக்கும்.

கோப்பு எண் இல்லை:
மூன்று பேரும் கேமரா வித்தை பேசுகிறீர்கள். இதில் உளவுப் படத்தைக் கிண்டல் செய்தது எங்கே? புத்தகக்கடையைத் தூக்கிக் காதல் படத்தில் போட்டாலும் ஓடும்.

பகடி என்றால் மூலத்தைத் தொட வேண்டும். 1967 பாண்ட் படம் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்'இல் வில்லன் ப்ளோஃபெல்டாக டொனால்ட் ப்ளெசன்ஸ் மொட்டைத் தலை, முகத் தழும்பு, காலர் இல்லாத உடை, மடியில் வெள்ளைப் பூனையோடு வந்தார். முப்பது வருஷம் கழித்து 'ஆஸ்டின் பவர்ஸ்' (1997) அதையே தையல் மாறாமல் எடுத்துக்கொண்டு, வில்லனுக்குக் குடும்பப் பிரச்சினையைக் கொடுத்தது. அது பகடி.

அதில் மறக்காத இடம் ரோடு ரோலர். காவலாளி 'வேண்டாம்' என்று கையை நீட்டி அலறுகிறான். அடுத்த வைட் ஷாட்டில் (இடம் முழுவதையும் தூரத்திலிருந்து காட்டும் ஷாட்) ரோலர் அந்தக் கோடியில் நத்தை வேகத்தில் வருகிறது. சிரிப்பு அலறலில் இல்லை, வைட் ஷாட்டில் இருக்கிறது. இடைத்தூரம் எவ்வளவு என்று பார்வையாளர் அளந்து முடிக்கும் வரை அந்த ஷாட் நிற்க வேண்டும். அரை நொடி முன்னால் வெட்டினால் வெறும் விபத்துக் காட்சி. பிறகு மறுபடி முகம், மறுபடி தூரம். உண்மையான உளவுப் படத்தில் இந்தத் தூரத்தை எடிட்டர் ஒளித்துவிடுவார். இங்கே ஒளிக்காததுதான் நக்கல்.

ஒலிப்பிரியன்:
அப்படிப் பார்த்தால் ரோடு ரோலரும் எந்த ஆக்‌ஷன் படத்திலும் ஓடும், தலைவரே.

பழையரீல்:
'கோப்பு' சொல்வது பாதி சரி. மூலத்தைத் தொடுவதில் உச்சம் பிரெஞ்சுக்காரர்களுடைய 'ஓஎஸ்எஸ் 117' (2006). அந்த நாயகன் இரவல் சரக்கு இல்லை. ழான் ப்ரூஸ் 1949லேயே நாவலில் படைத்த ஆள், பாண்ட் அச்சேறியது 1953இல்தான். அறுபதுகளில் அவனை வைத்து சீரியஸாகவே படங்கள் வந்தன. 2006இல் இயக்குநர் மிஷேல் அசானாவிசியூஸ் அந்தக் காலத்து ஒளியமைப்பையும், கார் ஓட்டும் காட்சிக்குப் பின்னால் ஓடும் திரையையும் அப்படியே கொண்டுவந்தார். பின்திரை ஏன் பொய்யாகத் தெரியும்? முகத்தில் விழும் நிழல் நகராது, ஸ்டியரிங் திரும்பும் அளவுக்குச் சாலை திரும்பாது. மற்றவர்கள் மறைக்கப் பார்த்த குறையை இவர் ஆசையாகக் காட்டுகிறார்.

ஆனால் கண்ணில் நிற்பது கோழிப்பண்ணை. நாயகனுக்கு மறைவேலை கோழி வியாபாரம். விளக்கைப் போட்டால் கோழிகள் கத்தும், அணைத்தால் கப்சிப். போடுகிறான், அணைக்கிறான், மறுபடி போடுகிறான். முகத்தில் அப்படியொரு பரவசம். சத்தம் தேய்ந்து அடங்கக் கூடாது, விளக்கு அணையும் ஃப்ரேமிலேயே அறுபட வேண்டும். ஒரு ஃப்ரேம் என்பது ஒரு நொடியில் 24இல் ஒரு பங்கு. அதற்கு மேல் நாலைந்து ஃப்ரேம் வால் தொங்கினால் அது நிஜக் கோழி ஆகிவிடும், சிரிப்பு செத்துவிடும்.

நாலாம்ரீல்:
1967 பாண்ட் பகடி 'கேசினோ ராயல்'. சீட்டாட்ட மேசை. பீட்டர் செல்லர்ஸ் ஒரு பக்கம், ஆர்சன் வெல்ஸ் எதிர்ப்பக்கம். இருவருக்கும் ஆகவில்லை, பல ஷாட்டுகள் எதிராளி இல்லாமலே எடுக்கப்பட்டவை. இயக்குநர் பெயர்கள் மட்டும் ஐந்து. மேசையில் கண்கள் எங்கே பார்க்கின்றன என்று கவனியுங்கள், மற்றதெல்லாம் மறந்துவிடும்.

தலைகீழ்:
'கடைசிவரிசை' பதிவுக்கு. பின்னோக்கி சீன் எடுக்க யாராவது கிளம்பினால் என்று சொல்லி வைக்கிறேன், யாரும் கேட்கவில்லைதான்.

முதலில் காட்சியை முடிவிலிருந்து தொடக்கம் வரை எழுதி, அந்த வரிசையிலேயே ஒத்திகை. வெட்டில்லாமல் ஒரே டேக்காக எடுப்பது நல்லது. நடுவில் வெட்டினால் எந்தக் கை எங்கே இருந்தது என்று தலைகீழாக நினைவு வைக்க வேண்டி வரும், அதில்தான் எல்லாரும் மாட்டுவார்கள்.

நடையைப் பற்றிப் பயப்படாதீர்கள். பின்னோக்கி நடக்கும்போது முன்பாதம் முதலில் பதிந்து குதிகால் கடைசியில் எழும். திருப்பினால் குதிகால் முதலில் பதிந்து முன்பாதம் கடைசியில் எழுவதாகத் தெரியும், அதாவது சாதாரண நடை. காட்டிக்கொடுப்பது தயங்கிய குட்டை அடியும், பின்னால் திரும்பிப் பார்க்கத் துடிக்கும் கழுத்தும்தான்.

முகபாவம்தான் கஷ்டம். நிஜத்தில் அதிர்ச்சி சட்டென்று வந்து மெல்ல அடங்கும். ஆகவே நடிக்கும்போது மெல்ல மெல்ல அதிர்ந்து, உச்சத்தில் சட்டென்று வெறுமுகம் ஆக வேண்டும். ஐந்தாறு முறை ஒத்திகை பார்க்காமல் இது வராது. இமைப்பதைக் குறையுங்கள். இமை மூடுவது வேகம், திறப்பது மெதுவு. திருப்பினால் தூக்கக் கலக்கம் போல இருக்கும்.

புகை, ஊற்றும் தண்ணீர், தீக்குச்சி மூன்றும் வேண்டாம். ஒரு நொடியில் குட்டு உடையும். கம்பத்தில் சறுக்கி இறங்கி, திருப்பி 'ஏறுவது' போலக் காட்டுவதானால் கோட்டுப் பொத்தானைப் பூட்டி, கீழ் நுனியை உள்பக்கமாகத் தைத்துவிடுங்கள். இறங்கும்போது துணி மேலே பறக்கும். திருப்பினால் ஏறுகிறவனின் கோட்டும் மேலே பறக்கும், பொருந்தாது. தட்டிலிருந்து புத்தகத்தைத் தள்ள அலமாரிக்குப் பின்னால் ஓர் ஆள், கையில் ஒரு குச்சி. நூல் கட்டி இழுத்தால் விழும்போது சுழன்றுவிடும்.

காலடிச் சத்தத்தைத் திருப்பாதீர்கள். தனியாகப் பதிவு செய்து ஒட்டுங்கள்.

கடைசிவரிசை:
அலமாரிக்குப் பின்னால் ஆளா? அப்படியானால் பின்பலகை இருக்கக் கூடாது. பலகை இல்லாத அலமாரியில் இடுக்கு வழியா வெளிச்சம் வரும்.

தலைகீழ்:
கறுப்புத் துணி. தட்டு அகலத்துக்குத் தொங்கவிட்டு, குச்சி நுழையும் இடத்தில் மட்டும் ஒரு கீறல்.